பள்ளிப் பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு செல்வோருக்கு

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த ஒரு வாரத்துக்குள், பிள்ளையின் நாட்குறிப்பேட்டில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டு வரும். பொங்கல் விடுமுறைக்கு முந்திய வேலை நாளில் சமத்துவப் பொங்கல் விழா நடக்கும், பிள்ளைகள் பாரம்பரிய உடையில் வர வேண்டும், பெற்றோரும் கலந்துகொள்ளலாம் என்பதே பெரும்பாலும் அதிலுள்ள செய்தி. சீட்டைப் படித்ததும் பாவாடை சட்டைக்கு அளவு பார்ப்பதோடு பல வீடுகளில் ஆயத்தம் முடிந்துவிடுகிறது. விழா அன்று பெற்றோர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, பிள்ளைகள் அந்தப் பக்கம் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். மதுரையில் என் மகள் படிக்கும் பள்ளியில் மூன்று ஆண்டுகள் நானும் அப்படித்தான் நின்றேன். நான்காம் ஆண்டில் அடுப்புக்கு ஆள் போதவில்லை என்று வகுப்பாசிரியர் கேட்டதால் கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். அன்றைக்குத்தான் அது எங்கள் குடும்பத்துக்கும் விழாவானது. எனவே இந்தக் குறிப்புகள் விழாவைப் பார்க்கப் போகிறவர்களைவிட, அதில் ஒரு கை கொடுக்கப் போகிறவர்களுக்கே அதிகம் உதவும்.

முதலில் வேலை கேளுங்கள்

சீட்டு வந்த மறுநாளே வகுப்பாசிரியரைப் பார்த்து, உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள், என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிடுவது நல்லது. விழாவுக்கு முந்திய நாள் மாலையில் ஆசிரியர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். அப்போது போய் நின்றால், உதவிக்கு வந்தவரையும் அவர்களே கவனிக்க வேண்டியதாகிவிடும். அடுப்பு, கோலம், விளையாட்டு, பரிமாறுதல், துப்புரவு என்று ஐந்து வகை வேலை எப்போதும் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களைக் கரும்பு கட்டவும் பெண்களை அடுப்புக்கும் அனுப்புவது எழுதாத சட்டம் போலப் பல பள்ளிகளில் நடக்கிறது. அதை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அப்பா பானையைக் கிளறுவதைக் காணப் பிள்ளைகள் கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். வெயிலில் நிற்க முடியாது என்று அப்பத்தாவை வீட்டில் விட்டுவிட்டு, குலவையிட ஆளில்லாமல் ஒலிபெருக்கியில் ஒலிப்பதிவைப் போடுவது எங்கள் ஊருக்கே அழகல்ல. நிழலில் ஒரு நாற்காலியும் அருகில் ஒரு பல்லாங்குழிப் பலகையும் போதும். அவரைச் சுற்றி ஒரு வகுப்பே உட்கார்ந்துவிடும்.

உடையைப் பற்றிச் சுருக்கமாக

பட்டுப் பாவாடை படத்துக்கு நன்றாக இருக்கும்; ஆனால் அடுப்புக்கு அருகே செல்லும் பிள்ளைக்குப் பருத்தியே பாதுகாப்பு. பட்டு போலத் தோன்றும் செயற்கை இழைத் துணி நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தாவணி முனையை இடுப்பில் இறுக்கிச் செருகி, ஊக்கு குத்திவிட வேண்டும். சிறுவர்களுக்கு இடுப்பில் ஒட்டும் பட்டை வைத்த வேட்டி கிடைக்கிறது. அதற்குள் அரைக்கால் சட்டை போட்டுவிட்டால் ஓட்டத்தின் நடுவே வேட்டி அவிழ்ந்தாலும் கவலை இல்லை. காலையில் பனி, பதினொரு மணிக்கு மேல் வெயில் என்பது இந்தப் பருவத்தின் வழக்கம் என்பதால் தண்ணீர்க் குப்பியும் ஒரு துண்டும் பையில் இருக்கட்டும்.

பானையும் அடுப்பும்

விழாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதிகம் பிழையாவதும் இங்கேதான். நான் உள்ளே போன முதல் ஆண்டில், முந்திய நாள் மாலை சந்தையில் வாங்கிய புதுப்பானையை அப்படியே அடுப்பில் ஏற்றினோம். தீ பிடித்துக் கால் மணி நேரத்துக்குள் பானையின் வயிற்றில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது. அதன் வழியே பால் கசிந்து, நெருப்பு ‘சுர்’ என்று அணைந்தது. நாற்பது பிள்ளைகள் ‘பொங்கலோ பொங்கல்’ சொல்ல வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள். குற்றம் பானையில் இல்லை, அதைப் பழக்காத எங்களிடம்தான்.

மண்பானையைக் குறைந்தது மூன்று நாளுக்கு முன்பே வாங்குங்கள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் நன்கு வெந்த பானை கணீரென்று ஒலிக்கும். கீறல் உள்ள பானை மந்தமாக ஒலிக்கும். வாங்கிய பானையை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் மூழ்க வைத்து, பிறகு அரிசி கழுநீரை ஊற்றி, சிறு தீயில் சூடாக்கி, அப்படியே ஆறவிட வேண்டும். கழுநீரிலுள்ள மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளில் படிந்து கசிவைக் குறைக்கிறது. இதை இரண்டு முறை செய்து, வெளிப்புறத்தில் நல்லெண்ணெய் தடவி வெயிலில் வைத்துவிட்டால் பானை விழாவுக்கு ஆயத்தம்.

அடுப்புக்கு மூன்று செங்கல் போதும். மூன்றும் ஒரே உயரத்தில் அசையாமல் இருக்கின்றனவா என்பதை, பானையில் பாதி தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும் என்பதால், பிள்ளைகளை அடுப்புக்கு வடக்கிலோ கிழக்கிலோ உட்கார வைத்தால் புகை அவர்கள் கண்ணில் படாது. தீ மூட்டக் காய்ந்த தென்னை ஓலையும் பன்னாடையும் போதும். நின்று எரியச் சவுக்கு விறகு வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும் வழக்கம் பள்ளி வளாகத்தில் அறவே கூடாது. அடுப்பைச் சுற்றி ஆறடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு ஒன்று இட்டு, அதற்குள் இரண்டு பெரியவர்கள் மட்டும் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். யாருக்காவது சுட்டுக்கொண்டால் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும்; பற்பசையும் மையும் இட்லி மாவும் தடவக் கூடாது. கொப்புளம் எழுந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரு வகுப்புக்கு அரை கிலோ பச்சரிசி போட்ட பானை போதும். ஆளுக்கு ஒரு கரண்டி கிடைத்துவிடும். அதற்கு நூறு கிராம் பாசிப்பருப்பு, முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை வெல்லம், நூறு கிராம் நெய், ஐம்பது கிராம் முந்திரி, அதே அளவு உலர்திராட்சை, ஏழெட்டு ஏலக்காய் வேண்டும். முந்திரி ஒவ்வாத பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் முந்திரியே வேண்டாம்.

பானையின் கழுத்தில் கிழங்கோடு கூடிய மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்டிய பின், அரிசியை இரண்டாம் முறை களைந்த தண்ணீரையும் அரை லிட்டர் பாலையும் சேர்த்துக் கழுத்தளவு ஊற்ற வேண்டும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். அரிசி வேகத் தேவையான தண்ணீரை மட்டும் ஊற்றினால் அது பானையின் பாதியில் நின்றுவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் பொங்கி வழியாது. தீயை முதல் பத்து நிமிடம் மெதுவாக எரியவிட்டு, பானை முழுவதும் சூடேறிய பிறகே கூட்டுங்கள். பாலில் உள்ள புரதமும் கழுநீரில் உள்ள மாவும் சேர்ந்து மேலே ஒரு ஆடையாகப் படரும். அடியிலிருந்து எழும் ஆவி அந்த ஆடையை முட்டித் தூக்கும். முதலில் விளிம்போரம் சிறு குமிழிகள், பிறகு நடுவில் ஒரு குமிழ் மேடு, அதன் பிறகு நுரை முழுவதும் எழுந்து வாயைத் தாண்டி மஞ்சள் இலைமேல் வழியும். குமிழ் மேட்டுக்கும் வழிவதற்கும் இடையே அரை நிமிடம் கூட இருக்காது. அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் யாராவது வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தால், தயங்காமல் கையசைத்து நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு அப்பத்தா யாருக்கும் கையசைக்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே நாக்கைச் சுழற்றி ஒரு குலவை இட்டார். சிறப்பு விருந்தினர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பிள்ளைகளின் ‘பொங்கலோ பொங்கல்’ மைதானத்தை நிறைத்துவிட்டது.

பொங்கி வழிந்ததும் மேலே நிற்கும் நீரில் கொஞ்சத்தை அகப்பையால் மொண்டு ஒரு பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, அரிசியையும் பருப்பையும் போட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கைப்பிடி அரிசி போட விரும்பும். அடுப்புக்கு அருகே வர விடாமல், ஒரு முறத்தில் அவர்கள் கையால் அரிசியை இடச் செய்து, அதைப் பெரியவர் ஒருவர் பானையில் சேர்க்கலாம். நீர் குறைந்தால் மொண்டு வைத்ததைச் சூடாக்கியே ஊற்றுங்கள்; கொதிக்கும் மண்பானையில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிப்பு நிச்சயம். பருக்கையை இரு விரலால் நசுக்கினால் நடுவில் நரம்பு இல்லாமல் மசிய வேண்டும். அதற்கு முன் வெல்லம் சேர்க்கலாகாது. “வேகாத அரிசியில வெல்லத்தப் போட்டா, காட்டு விறகெல்லாம் வச்சாலும் வேகாதுய்யா” என்று அப்பத்தா எனக்குச் சொன்னது வெறும் பயமுறுத்தல் அன்று; சர்க்கரை சேர்ந்ததும் அரிசி நீரை உறிஞ்சுவது குறைந்து, அரைவேக்காட்டிலேயே விறைத்துவிடுகிறது. வெல்லத்தைத் தனியே சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தீயைத் தணித்த பிறகே ஊற்றிக் கிளற வேண்டும். நெய்யில் வறுத்த முந்திரியும் திராட்சையும் ஏலப்பொடியும் கடைசியில். இறக்கிய பானையை ஈரமான சிமெண்டுத் தரையில் வைக்காமல், வைக்கோலால் செய்த புரிமணையில் வையுங்கள். தீ மூட்டியதிலிருந்து பரிமாறுவது வரை ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, பிள்ளைகள் பசி தாங்கும் நேரத்துக்கு ஏற்பத் தொடங்குவதே சரி.

கோலம்

கோலப் போட்டியில் சேரும் குடும்பங்கள் பெரும்பாலும் எட்டடி அகலத்துக்கு வண்ணப் பொடியால் பானையும் கரும்பும் வரைந்து வைக்கின்றன. பிள்ளைக்கு அதில் வண்ணம் தூவும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. அதைவிடச் சிறிய புள்ளிக் கோலமொன்றைப் பிள்ளையே முழுவதும் போடட்டும். ஊடுபுள்ளியில், அதாவது ஒரு வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளிகளை வைக்கும் முறையில், நடுவரிசையில் 15 புள்ளி, இருபுறமும் குறைத்துக்கொண்டே போய் 8-இல் நிறுத்தம் என்றால் மொத்தம் 169 புள்ளிகள் ஆகிவிடும்; பெரியவர்களுக்கே கை தளரும். 7 புள்ளி, 4-இல் நிறுத்தம் என்றால் 37 புள்ளிகள்தாம். வரிசை ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி குறைகிறது என்பதை வீட்டிலேயே தாளில் நான்கைந்து முறை போட்டுப் பழகிவிட்டால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை யார் துணையும் இல்லாமல் போட்டுவிடும்.

பிள்ளைகள் மாவைப் பயத்தோடு இறுக்கிப் பிடிப்பதால் கோடு விட்டுவிட்டு விழுகிறது. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே மாவு தானாக வழியும் அளவுக்குப் பிடியைத் தளர்த்தி, விரலை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள். பச்சரிசி மாவு மட்டும் என்றால் காற்றில் பறக்கும், கல்மாவு மட்டும் என்றால் எறும்புக்கு ஒன்றும் இல்லை; இரண்டையும் கலந்து எடுத்துச் செல்வது எங்கள் வழக்கம். மண் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரம் பாதி காய்ந்த பிறகு போட்டால் கோடு நிற்கும். வண்ணப் பொடியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கரும்பை எடுக்க விடாதீர்கள்.

கலைஞர்கள் வந்திருந்தால்

பறையாட்டம், கரகம், ஒயிலாட்டம், பொய்க்கால் குதிரை என்று ஏதேனும் ஒரு குழுவைப் பள்ளிகள் அழைப்பதுண்டு. மேடை நிகழ்ச்சியில் எவ்வளவு மகிழ்ச்சியோ, அதே அளவு மகிழ்ச்சி அதற்கு முந்திய அரை மணி நேரத்திலும் கிடைக்கும். ஆனால் அதைத் தேடிப் போவோர் குறைவு. குழுவினர் மைதானத்து மூலையில் சருகும் வைக்கோலும் கூட்டித் தீ மூட்டுவதைக் கண்டால், அவர்களிடம் கேட்டுவிட்டுப் பிள்ளையோடு அருகே போய் நில்லுங்கள். பனியில் ஈரம் வாங்கிய பறையின் தோல் தொய்ந்து போயிருக்கும். தீயில் காட்டக் காட்ட அது இறுகும். காய்ச்சுவதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் தட்டிப் பார்க்க என் மகளை ஒரு கலைஞர் அனுமதித்தார். முதலில் நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டியது போல இருந்தது. இரண்டாம் முறை எழுந்த ஒலியில் அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். வலக்கையில் பிடிப்பது அடிக்குச்சி, இடக்கையில் நீளமாகவும் மெலிதாகவும் இருப்பது சிண்டுக்குச்சி என்று அவரே பெயர் சொல்லிக் காட்டினார். அடி தொடங்கும்போது சிறு பிள்ளைகளைப் பறைக்கு நேர் எதிரே நிறுத்தாமல் சற்றுத் தள்ளி நிறுத்துவது காதுக்கு நல்லது.

பறையைச் சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்கி, அதை அடித்தவர்களையும் ஒதுக்கி வைத்த வரலாறு நம்முடையது. மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இலும், கோவையைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இலும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். ஆனால் அந்த விருதுச் செய்தியைவிட, வந்திருக்கும் குழுவினருக்கு நாம் முதலில் உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் தந்தோமா என்பதைத்தான் பிள்ளைகள் கவனிப்பார்கள். உரைகள் எல்லாம் முடிந்து, வெயில் உச்சிக்கு வந்த பிறகு, பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்று கலைஞர்களிடம் சொன்ன விழா ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரல் பேசப்படும்போதே, ஆட்டம் முதலில், உரை பிறகு என்று கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது.

கும்மிக்கு வட்டம் கட்டும்போது பெற்றோரையும் அழைப்பார்கள். கூச்சப்படாமல் சேர்ந்துவிடுங்கள். அடி தெரியாவிட்டால் உங்களுக்கு முன்னால் இருப்பவரின் காலைப் பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள். கால் சேர்ந்துவிட்டால் கை தானே சேர்ந்துகொள்ளும்.

விளையாட்டும் கரும்பும்

உறியடியில் கண்கட்டிய பிள்ளை கம்பை எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், கூட்டம் பதினைந்து அடி தள்ளியே நிற்க வேண்டும். பானை உடைந்ததும் மிட்டாய்க்குப் பிள்ளைகள் வெறுங்காலோடு பாய்வார்கள்; முதலில் ஓடுகளை ஒருவர் கூட்டி எடுத்த பிறகே விசில் ஊத வேண்டும். பல்லாங்குழி கற்றுத்தர, பதினான்கு குழியிலும் ஐந்தைந்து புளியங்கொட்டை இட்டுத் தொடங்குங்கள். ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியில்தான் பிள்ளைகளின் கண் விரிகிறது. மாட்டு வண்டி வந்திருந்தால், மாட்டின் பின்புறமாகப் போகாமல், அது பார்க்கும்படி பக்கவாட்டில் நெருங்கி, உரிமையாளரைக் கேட்ட பிறகே அகத்திக்கீரையை நீட்டுங்கள்.

கரும்பில் கணுவை நீக்கி, கணுவுக்கு இடைப்பட்ட துண்டுகளாக வீட்டிலேயே வெட்டி எடுத்துச் செல்லுங்கள். அரிவாளைப் பள்ளிக்குக் கொண்டு போக வேண்டியதில்லை. அடிக்கரும்பில் இனிப்பு அதிகம் என்றாலும் தோல் கடினமானது. பால்பல் ஆடும் வயதில் நடுக்கரும்பே ஏற்றது. இரண்டாம் வகுப்பில் என் மகள் ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை அடிக்கரும்பில் விட்டாள். அழுகைக்குப் பதிலாக, சக்கையோடு சேர்த்துப் பல்லையும் உள்ளங்கையில் வைத்து வகுப்பு முழுவதும் காட்டிக்கொண்டு வந்தாள்.

கிளம்பும் முன்

பெற்றோரில் பாதிப் பேர் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார்கள். பள்ளியின் துப்புரவுப் பணியாளர்களும் வீட்டுக்குப் போய்ப் பொங்கல் வைக்க வேண்டியவர்கள் என்பதை நினைவில் வைத்து, அரை மணி நேரம் நின்றுவிடுங்கள். கரும்புச் சக்கையையும் வாழை இலையையும் ஒரு சாக்கில், காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் வேறு சாக்கில் பிரித்து இட்டால், முதல் சாக்கை மாட்டுக்குக் கொடுக்கலாம். கனல் வெளியே தெரியாவிட்டாலும் சாம்பலுக்கு அடியில் மணிக்கணக்கில் இருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். செங்கல்லும் சூடாகவே இருக்கும், உடனே கையால் தூக்க வேண்டாம்.

பானையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் கூடாது. மண் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த சமையலில் திருப்பித் தரும். இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே கவிழ்த்துப் பரணில் ஏற்றுங்கள். ஈரத்தோடு ஏற்றினால் பூசணம் பிடித்துவிடும்.